முந்நூறு வரன்களை நான் அழித்த நாள்

லைவ் சைட்டை எப்போதாவது காலி செய்திருக்கிறீர்களா என்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. செய்திருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, காபி குடித்துக்கொண்டே.

என் பெயர் அம்சவேணி. வீடு தங்கச் சுரங்க ஊரான கோல்டு ஃபீல்ட்ஸில், ஸ்கெலட்டன் பகுதியில். பதினொரு வருடம் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தேன். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் வேலையை விட்டுவிட்டு, பஜார் கடைக்காரர்களின் வெப்சைட்டுகளை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். டொமைன் என்கிற சைட் பெயரை வாங்குவது, ஹோஸ்டிங் என்கிற சர்வர் இடத்தை வாடகைக்கு எடுப்பது, பக்கங்களை சர்வரில் ஏற்றுவது, வருடா வருடம் ரினியூவல் தேதியை ஞாபகப்படுத்துவது, இதெல்லாம்தான் என் வேலை.

என் முதல் பெரிய கஸ்டமர் தனபால் அண்ணன். பஜாரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் திருமணத் தகவல் நிலையம் வைத்திருந்தார். அதற்கு முன்னால் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை. சுரங்கம் மூடிய பிறகு பிள்ளைகள் ஓசூர், பெங்களூர் என்று சிதறிவிட்டதால், வரன் பார்க்கவும் வெப்சைட் தேவைப்பட்டது. முந்நூறு பேருடைய போட்டோவையும் விவரங்களையும் தனித்தனிப் பக்கமாக ஏற்றிக் கொடுத்தேன். கடைசிப் பக்கம் ஏறிய அன்று, அவர் வரன் வீட்டார் நிரப்பிக் கொடுத்த ஃபார்ம் மூட்டைகளைப் பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்.

"எல்லாம் சர்வர்ல கீதே அம்சா, இந்த மூட்டை இன்னாத்துக்கு?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

*புகார்*

அந்தச் செவ்வாய்க்கு முந்தைய வாரம் ஒரு விஷயம் நடந்தது. தனபால் அண்ணனிடம் முன்பு வேலை பார்த்த குணவதி என்கிற பெண், சண்டை போட்டுக்கொண்டு போய், பங்காரப்பேட்டையில் சொந்தமாக ஒரு நிலையம் தொடங்கியிருந்தார். அவருடைய வெப்சைட்டைத் திறந்து பார்த்தால், எல்லாம் எங்கள் பக்கங்கள். நிலையத்தின் ஃபோன் நம்பரும் தலைப்பும் மட்டும் வேறு. ஐந்தடி ஒன்பது அங்குல உயரமுள்ள ஒரு பையனுக்கு நான் தவறுதலாக ஒன்பதடி ஐந்து அங்குலம் என்று அடித்திருந்தேன். அங்கேயும் அவன் ஒன்பதடி ஐந்து அங்குலமாகவே நின்றுகொண்டிருந்தான்.

"விடக்கூடாது அம்சா. எழுது, அந்தப் பொம்பள சைட்டையே எடுக்கணும்" என்றார் அண்ணன்.

எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், காட்டமாக. ஒன்பதடிப் பையனை ஆதாரமாக இணைத்தேன். குணவதியின் ஹோஸ்டிங் கம்பெனி பதில் போட்டது: செவ்வாய் மாலைக்குள் அவர் விளக்கம் தராவிட்டால் சைட் முடக்கப்படும்.

*பத்தேகால்*

செவ்வாய் காலை எங்கள் சைட்டுக்குப் புது டிசைன் போடுவதற்காக உட்கார்ந்தேன். சர்வரில் இரண்டு ஃபோல்டர்கள். ஒன்று லைவ், ஊர் பார்ப்பது; ஒன்று டெஸ்ட், நான் சோதித்துப் பார்ப்பது. இரண்டுக்கும் இரண்டு விண்டோ திறந்து வைத்திருந்தேன். டெஸ்ட்டைக் காலி செய்ய நினைத்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, டிலீட் கொடுத்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாகத்தான் என்றேன்.

பிரவுசரில் சைட்டைத் திறந்தால் வெள்ளைப் பக்கம்.

நான் பதறவில்லை. ஏனென்றால் வாரம் தவறாமல் பேக்கப் எடுக்கிறவள் நான். அந்த பேக்கப்பை எங்கே வைத்தேன் என்று யோசித்தபோதுதான் காபியைக் கீழே வைத்தேன். சர்வரிலேயே, அதே லைவ் ஃபோல்டருக்குள், 'பேக்கப்' என்று பெயர் போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தேன். அதையும் சேர்த்துத்தான் அழித்திருந்தேன். என் கம்ப்யூட்டரில் இருந்தது ஆரம்ப காலத்து நாற்பது பக்கங்கள் மட்டும்.

ஹோஸ்டிங் கம்பெனியின் சாட்டில் போய்க் கெஞ்சினேன். தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், தங்கள் பிளானில் பேக்கப் வசதி சேர்க்கப்படவில்லை என்று வந்தது. அந்த பிளானைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். சின்ன சைட்டுக்கு இது போதும் என்று அண்ணனுக்கு உபதேசம் வேறு செய்திருந்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு குணவதியின் சைட்டைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் அங்கே இருந்தார்கள். மாலை வரைக்கும் இருப்பார்கள். அதற்குப் பிறகு, என் கடிதத்தின் புண்ணியத்தில், அங்கேயும் இருக்க மாட்டார்கள்.

*மாடியில்*

திறந்து கிடந்த அந்தப் பக்கங்களை வேகவேகமாக டவுன்லோடு செய்தேன். ஆனால் பெற்றோர்களின் ஃபோன் நம்பர்கள் வெளிப்பக்கத்தில் கிடையாது; எங்களிடம் அவை இருந்த ஃபைலும் சைட்டோடு போயிருந்தது. நம்பர் இல்லாத வரன் யாருக்கும் உதவாது. வேறு வழியில்லாமல் ஸ்டூடியோ மாடிக்கு ஏறினேன்.

"இன்னா அம்சா, மூஞ்சி இப்டி கீது? அந்தப் பொம்பள சைட்டை எடுத்துட்டாங்களா?"

"இல்லண்ணா. நம்ம சைட்டுதான் போச்சி."

"போச்சின்னா? கரெண்ட் போச்சா?"

"நான்தான் தெரியாம அழிச்சிட்டேன். மொத்தமும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. 

"சொரங்க ஷாஃப்ட்டுல எறங்குறப்பவே வெளிய வர இன்னொரு வழி எங்க கீதுன்னு கேட்டுட்டுதான் எறங்குவோம். நீ கேக்கலியா?"

"வெச்சிருந்தேன்ணா. அந்த வழியும் இதே ஷாஃப்ட்டுக்குள்ளதான் இருந்துச்சி."

"இப்ப இன்னா பண்றது?"

"எல்லாம் அப்படியே ஒரு இடத்துல இருக்கு. பங்காரப்பேட்டைல."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டார். "நான் அவகிட்ட பேச மாட்டேன்."

"பேச வேணாம். புகாரை வாபஸ் வாங்குறோம்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

போட்டார். அதை மொபைலில் படம் எடுத்து அனுப்பினேன். வாபஸுக்குக் காரணம் என்ன என்று அந்தக் கம்பெனி கேட்டது. இரு தரப்பும் சுமுகமாகப் பேசி முடித்துக்கொண்டோம் என்று எழுதினேன். அதுவரை எந்தத் தரப்பும் எந்தத் தரப்போடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

*பங்காரப்பேட்டை*

ஆட்டோவில் போனோம். அண்ணனும் வந்தார், ஆனால் இறங்க மறுத்துவிட்டார். குணவதி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"வாங்க அம்சா. ஆட்டோல அவருதானே? உள்ள வர மாட்டாரா?"

"முட்டி வலின்னாரு."

"முட்டி வலி உங்களுக்குதானே?"

ஹாலில் உட்காரவைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.  கேட்டுவிட்டு அவர் பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். என் புகார்க் கடிதம், ஹோஸ்டிங் கம்பெனி அவருக்கு அனுப்பியதை பிரின்ட் எடுத்தது.

"எனக்கு இங்கிலீஷ் அவ்ளோ வராது. நீங்க எழுதுனதுதானே? தமிழ்ல படிச்சிச் சொல்லுங்க."

படித்தேன். எழுதும்போது கம்பீரமாக இருந்த வாக்கியங்கள், அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்லும்போது வேறு மாதிரி இருந்தன. 'எங்கள் நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்துச் சேகரித்த விவரங்களை இவர் திருடியுள்ளார்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாரிகுப்பம் சொரங்க லைன்ல வீடு வீடா நடந்து ஃபார்ம் வாங்கிக்கினு வந்தது யாரு?"

"நீங்கதான்."

"அவரா?"

"இல்ல. நீங்கதான்."

"அப்ப அந்த வரியைத் திரும்பப் படிங்க."

திரும்பப் படித்தேன். தலையைத் தூக்காமல். அவர் காப்பியடித்தது நிஜம். நான் அழகாக அடித்துக் கோத்துவைத்த பக்கங்களை அப்படியே எடுத்தது நிஜம். அதைச் சொல்லிக்காட்டும் நிலையில் நான் அன்று இல்லை.

பிறகு அவர் எழுந்து போய், நம்பர்கள் உள்ள ஃபைலோடு முழு சைட்டையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். "உங்க சண்டைக்கு அந்தப் பசங்க, பொண்ணுங்க இன்னா பண்ணும்? எடுத்துக்கினு போங்க" என்றார். கூடவே ஆட்டோவுக்கு ஒரு டம்ளர் டீயும் அனுப்பினார். காலி டம்ளரை நான் திருப்பிக் கொண்டுபோனபோது அண்ணன் சொன்னார்: "டீ நல்லா இருந்துச்சின்னு சொல்லு." நான் சொன்னேன். நான் மின்னஞ்சலில் எழுதிய சுமுகப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

*ஐந்தரை மணி*

வீட்டுக்கு வந்து ஏற்றினேன். ஐந்தரைக்கு சைட் மீண்டும் திறந்தது. எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்கும் மேல் குறைந்தது. குணவதிக்கு ஃபோன் செய்தேன்.

"குறையலீங்க. கல்யாணம் முடிஞ்சவங்களை எடுத்துட்டேன். மாசத்துக்கு ஒருக்கா எல்லா வீட்டுக்கும் ஃபோன் போட்டுக் கேப்பேன். நீங்க கேக்க மாட்டீங்களா?"

நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஃபோனை வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி அடித்தது. மாரிகுப்பத்திலிருந்து ஒரு பெரியவர், அண்ணனிடம் என் நம்பரை வாங்கிப் பேசினார். மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியும் அவள் போட்டோ எங்கள் சைட்டில் இருந்ததாம். மாப்பிள்ளை வீட்டில் யாரோ பார்த்துவிட்டு, பெண்ணை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி நான்கு முறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நான்கு முறையும் அண்ணன் என்னிடம் சொன்னார். புது டிசைன் வரும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்டேன்.

"இன்னிக்கி மத்தியானம் தேடிப் பார்த்தேம்மா, இல்ல. இப்பவும் பார்த்தேன், இல்ல. எடுத்துட்டீங்க. ரொம்ப நன்றிம்மா. எம்பொண்ணு ஃபோன்ல அழுதுக்கினே சிரிச்சா."

அவசரமாகத் தேடிப் பார்த்தேன். உண்மைதான், குணவதி கொடுத்த பென்டிரைவில் அந்தப் பெண் இல்லை. குணவதியின் சைட்டிலும் பார்த்துவிட்டுப் பெரியவர் அவரிடமும் சொல்லியிருந்தாராம். ஒரே ஒரு முறை.

மத்தியானம் அந்தப் போட்டோ இல்லாதது என் முட்டாள்தனத்தால், சாயங்காலம் திரும்பி வராதது திருடி என்று நான் எழுதிய பெண்ணால் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பரவாயில்லீங்க" என்று சொல்லி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

பேக்கப்பை வேறு சர்வரில் வையுங்கள், இன்னொன்றை உங்கள் கையிலும் வையுங்கள். இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவார்கள். நான் அன்று கற்றது வேறு. ஒருவர் தன் பக்கத்தை எடுக்கச் சொன்னால், அன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.