அசையாத ஊசி

என் அக்கா எர்மின் வால்மொண்ட், எங்கள் தீவின் கடலோர ஊரான அன்ஸ் கரோவில் தபால் முகவராக இருந்தாள். பகலில் தபால்தலை விற்பாள், பார்சலுக்குக் கையெழுத்து வாங்குவாள். கடையைப் பூட்டிவிட்டு வந்தால் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவாள். எங்கள் கரையில், தொலைதூர ஆட்களோடு பேச ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த மார்ச்சில் அவளைக் கோயிலுக்குப் பின்னால் அடக்கம் செய்தோம். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் புயல் வருடத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பாதி தப்பாகவும் பேசினார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாது. வாரத்தில் மூன்று நாள் தலைநகர் ரோசோவுக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். புயல் ஞாயிற்றுக்கிழமை அடித்தது. திங்கள் என் முறை. விடிந்து பார்த்தால் சாலை மலையோடு சரிந்து கிடந்தது. செல்போன் கோபுரம் வாழைத் தோட்டத்தில் படுத்திருந்தது. பக்கத்து வீட்டு நாரிஸின் படகு, கரையிலிருந்த மற்றப் படகுகளைப் போலவே பலகைகளாகிவிட்டது. ஊரில் தின்பதற்குப் பஞ்சமில்லை. தேங்காய், வாழை, ஈரப்பலா எல்லாம் தரையில் இறைந்து கிடந்தன. ஆனால் அத்தனையும் பொட்டாசியம் நிறைந்தவை, எனக்கு ஆகாதவை. ஒரு இளநீர் போதும், என் இதயத்தை நிறுத்திவிட.

அக்கா என் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தாள். உடம்பில் நீர் கோத்திருந்ததால் குழி விழுந்து மெதுவாக நிரம்பியது. அது நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆன்டெனாக் கம்பியைத் தேடப் போனாள்.

கம்பி வேலியில் சிக்கியிருந்தது. அதோடு சேரும் கேபிள் முனை பிய்ந்து, இரவு முழுக்கக் கடல் நீர் தேங்கிய குழியில் கிடந்திருந்தது. அவள் முனையில் ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் துடைத்து மறுபடி இணைத்தாள். காற்று மொட்டையாக்கிய ஈரப்பலா மரத்துக்கும் கோயில் மணிக்கூண்டுக்கும் நடுவே நாரிஸ் கம்பியை இழுத்துக் கட்டினான். அவனுடைய லாரியின் பேட்டரியைக் கழற்றி வந்து ரேடியோவோடு இணைத்தார்கள். ஊரில் உயிரோடிருந்த பேட்டரி அது ஒன்றுதான்.

ரேடியோவுக்குப் பக்கத்தில் சின்ன மீட்டர் ஒன்று இருக்கும். ரேடியோ அனுப்பும் சக்தி கேபிள் வழியாகக் கம்பிக்குப் போகிறது. கம்பி ஏற்றுக்கொண்டதை வானத்தில் விடும். ஏற்காதது அதே கேபிளில் திரும்பி வரும். போவதும் வருவதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கேபிள் நெடுக மேடும் பள்ளமுமாக அலை நின்றுவிடும். அந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள கணக்குத்தான் நிலையலை விகிதம். ஒன்று என்று காட்டினால் எதுவும் திரும்பவில்லை என்று பொருள். எண் ஏற ஏற, திரும்புவது அதிகம். போனதோடு ஒப்பிட்டால் திரும்பியது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதற்குத் திரும்பல் இழப்பு என்று பெயர். அது பெரிதாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டும். இழப்பு பெரிதானால் எப்படிச் சந்தோஷம் என்று நான் அவளை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

அன்று மீட்டர் ஊசி எழவே இல்லை. ஒன்றை ஒட்டியே கிடந்தது.

"பாத்தியா," என்றாள் நாரிஸிடம். "நீ கட்டின கம்பி இவ்வளவு சுத்தமா வேலை செய்யுது."

"மீன் வலை கட்டுற கை, அக்கா. சும்மாவா?" என்றான் அவன்.

அவள் அழைக்க ஆரம்பித்தாள். எங்கள் ஊர்ப் பெயர், சாலை இல்லை, நோயாளி ஒருவர், படகு வேண்டும். சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். பதில் இல்லை. ஒலிபெருக்கியில் இரைச்சல்கூட வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. தீவு முழுக்க மின்சாரம் போய்விட்டால் இரைச்சலும் போய்விடும் என்று அவளே எனக்கு விளக்கம் சொன்னாள். அது சரியான விளக்கம்தான். அதனால்தான் நாங்கள் ஏமாந்தோம்.

செவ்வாய்க்கிழமை என்னால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை அவள் பேசும்போதும் ரேடியோவின் விளக்கு கொஞ்சம் மங்கும். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. ரோசோவில் பேசுவதற்கு ஆளே மிஞ்சவில்லை போலிருக்கிறது என்று நாரிஸ் வாசலில் யாரிடமோ முணுமுணுத்தான். அக்கா திரும்பிப் பார்த்தாள். அவன் வாசலை விட்டு நகர்ந்துபோனான். அவள் எழுந்து வந்து என் காலை அழுத்தினாள். இந்தத் தடவை குழி நிரம்பவில்லை. விரல் பட்ட இடம் அப்படியே இருந்தது.

அவள் திரும்பிப் போய் மைக்கை எடுக்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, நம்ம வீட்ல இந்த ஊசி என்னிக்காவது இவ்வளவு கீழ இருந்திருக்கா?"

இருந்ததில்லை. தகரக் கூரைக்கு இவ்வளவு பக்கத்தில் கம்பி கட்டினால் ஒன்றரைக்கு மேல்தான் காட்டும். இத்தனை வருடமும் அதைக் குறைக்க அவள் படாத பாடு பட்டிருக்கிறாள். புயல் வந்து, மொட்டை மரத்தில் கோணலாகக் கட்டிய பிறகு திடீரென்று சரியாகிவிட்டது.

நாரிஸை மரத்தில் ஏற்றி, கம்பியிலிருந்து கேபிளைக் கழற்றச் சொன்னாள். முனையில் ஒன்றுமே இல்லாத கேபிளுக்குள் சக்தியை அனுப்பினால் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். ஊசி கடைசிவரை போய் முட்ட வேண்டும். பொத்தானை ஒரு நொடி அழுத்தினாள். ஊசி லேசாகத் துடித்துவிட்டு, ஒன்றுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

அவள் சமையல் கத்தியை எடுத்து வந்து கேபிளை நட்டநடுவில் வெட்டினாள். உள்ளிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது.

"என்னக்கா, நல்லா காட்டுதுன்னுதானே சொன்ன?" என்றான் மரத்திலிருந்தபடியே நாரிஸ்.

"உன்னை மாதிரிடா," என்றாள். "மேட்டு வீட்ல இருக்கிற சில்வெஸ்டர் தாத்தாவுக்கு உங்கிட்ட சூப் குடுத்து விடுவேன்ல. கிண்ணம் காலியா திரும்பி வரும். தாத்தா குடிச்சிட்டார்னு நெனச்சேன். வழியில நீ குடிச்சிருக்கே."

அவன் சிரிக்கவில்லை. இறங்கி வந்து கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்தான். அனுப்பியதையெல்லாம் அது போகும் வழியிலேயே தின்றிருந்தது. திரும்ப வேண்டியதையும் வரும் வழியில் தின்றிருந்தது. இரண்டு நாளாக எங்கள் வீட்டை விட்டு எதுவும் வெளியே போகவே இல்லை.

வேறு கேபிள் ஊரில் இல்லை என்று நான் நினைத்தேன். நாரிஸ் சாலைப் பக்கம் ஓடினான். சாய்ந்த கம்பங்களில் டிவி கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. பிய்ந்த முனையை விட்டுவிட்டு, காய்ந்த நடுப்பகுதியாகப் பார்த்து அறுத்துக்கொண்டு வந்தான். அது ரேடியோவுக்கென்று செய்த கேபிள் இல்லை. பொருத்துவதற்கு முனைகூடக் கிடையாது. அக்கா கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றிக் கட்டினாள். பேட்டரியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது.

பொத்தானை அழுத்தியதும் ஊசி இரண்டுக்குப் போய் நின்றது. வேறு நாளாக இருந்தால் இப்படி ஒரு எண்ணுக்கு அவள் கம்பியை அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருப்பாள். இப்போது, ஏதோ கம்பிவரை போய்த் திரும்பியாவது வருகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு சிலுவைக்குறி போட்டாள். ஒலிபெருக்கியில் இரைச்சல் பெரிதாக, கரகரவென்று கேட்டது. அந்தக் கரகரப்பை நான் மறக்கமாட்டேன்.

மூன்றாவது அழைப்புக்குப் பதில் வந்தது. வடக்கே அடுத்த தீவான குவாடலூப்பிலிருந்து ஒரு ஆள், பேசியது எங்கள் கிரியோல் மொழிதான், கொஞ்சம் வேறு மாதிரி.

"லேசா கேக்குதும்மா. கேக்குது. நோயாளி பேர் சொல்லுங்க."

அவள் என் பெயரைச் சொன்னாள். குரல் உடைந்ததால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டும்போதே ரேடியோ விளக்கு அணைந்துபோனது. அவர் யாருக்குச் சொன்னார், சொன்னாரா இல்லையா என்று தெரியாமல் அந்த இரவு போயிற்று. அக்கா என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை வடக்கிலிருந்து படகு வந்தது. நாரிஸ் என்னை முதுகில் சுமந்துகொண்டு போய் ஏற்றினான்.

அதற்குப் பிறகு அவள் பன்னிரண்டு வருடம் இருந்தாள். கேபிளை ஒழுங்காக மாற்றினாள், கம்பியை உயர்த்தினாள். ஆனால் எது நன்றாகக் காட்டினாலும் ஒருமுறை கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். என்னையும்தான். ரோசோவிலிருந்து வந்து இறங்கி, ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்பேன். "காலைக் காட்டு" என்பாள்.

நேற்று சாயங்காலம் நாரிஸ் வந்தான். கையில் மூடிய கிண்ணம். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது.

"உப்பு போடல," என்றான். "வழியில நான் குடிக்கவும் இல்ல. பாத்துக்க."

கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாக இருக்கிறேன் என்றேன். அவன் கொஞ்ச நேரம் மீட்டர் இருக்கும் மூலையைப் பார்த்தான். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, என் கணுக்காலில் கட்டைவிரலை வைத்தான்.