மணி அடிப்பதற்கு முன்னால்

பதினெட்டு வருஷம் திருச்சியில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக வேலை பார்த்த என்னை, புதுக் கணினி வந்ததும் மறுபடி பயிற்சிக்கு உட்கார வைத்தார்கள். அதுவரை புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் நான்.

தேர்வில் எல்லாம் திரையில் ஓடும் பொய் விமானங்கள். பெங்களூரிலிருந்து ஒன்று இறங்கி வந்தது. ஷார்ஜாவுக்கு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் ஜீயபுரத்துக்கு மேலே நெருங்கும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஒன்றை இடப்பக்கம் திருப்பினேன். மற்றதை மேலும் இறங்கவிடாமல் அதே உயரத்தில் நிறுத்தினேன்.

நான் தேறவில்லை. ‘தேவையற்ற தலையீடு’ என்று கணினி மூன்று இடத்தில் குறித்திருந்தது.

தேர்வு நடத்தியவர் என்னோடு பல வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர். “எச்சரிக்கை மணி அடிக்கறதுக்கு முன்னாடியே திருப்பிட்டீங்க மேடம். அடிச்சப்புறம் திருப்பினாலே போதும்” என்றார்.

“எனக்கு முன்னாடியே தெரிஞ்சுதே சார்.”

“தெரிஞ்சிருக்கலாம். கம்ப்யூட்டர் அதுக்கு மார்க் போடாதே.”

என்னிடம் வேலை கற்ற திருவெறும்பூர்ப் பெண் அதே தேர்வில் தேறியிருந்தாள். வெளியே வந்ததும், “மணி அடிக்கிற வரைக்கும் கைய மடியில வெச்சுக்கங்க மேடம். அவ்வளவுதான்” என்றாள். அக்கறையோடுதான் சொன்னாள். அதுதான் அதிகம் வலித்தது.

ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர், “பாஸ் பண்ற வழியப் பாரு” என்றார். பார்த்தேன். அடுத்த வாரம் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எல்லோரையும்விட அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, டவரில் நிஜ விமானங்கள். கிட்டத்தட்ட அதே நிலைமை. நெருங்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். சில நொடிகள் சும்மா உட்கார்ந்திருந்தேன். மணி அடித்த பிறகுதான் திருப்பினேன். இடைவெளி விதிப்படி இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முன்னாடியே தெரிந்தும் மணிக்காகக் காத்திருந்ததைக் கேன்டீனில் தேர்வு நடத்தியவரிடம் சொன்னேன்.

“ரூல்படிதானே இருந்தது? எதுக்குப் போட்டு மனச அலட்டிக்கறீங்க?” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தார்.

தேறியதும் பயிற்சி கொடுப்பவர்கள் பட்டியலில் என்னை மறுபடி சேர்த்திருந்தார்கள்; அன்று மாலையே அதிலிருந்து என்னை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மறுநாள் நீக்கிவிட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.