வரதராஜன் எழுப்பிய சிவப்பு டிராக்டர்

கல்யாணமாகி வந்த புதிதில், தன் புருஷன் எதற்கெடுத்தாலும் கத்திப் பேசுகிறாரே என்று பெரியநாயகிக்குக் கோபம் வரும். அவருக்குத் தன் குரலே சரியாகக் கேட்பதில்லை என்பது பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

வரதராஜன் காஞ்சிபுரத்தில் ஒரு ரைஸ் மில்லில் ஆயில் எஞ்சின் டிரைவர். பத்தொன்பது வயதில் சேர்ந்தார். ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, அதை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய எஞ்சின், நாள் முழுக்க அதன் இரைச்சல். காது மெல்ல மெல்ல மந்தமாகிவிட்டது. பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னால் கேட்கும். மெதுவான சத்தம் எதுவும் எட்டாது. ஆனால் எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், உள்ளே எது சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

அறுபத்தெட்டில் மில்லுக்கு மின்சார மோட்டார் வந்தது. சுவிட்சைப் போட்டால் ஓடும் மோட்டாருக்கு டிரைவர் எதற்கு? முதலாளி அவரை அனுப்பிவிட்டார். அப்போது வரதராஜனுக்கு நாற்பத்திரண்டு வயது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் அடுப்பெரிக்கும் வேலை கிடைத்தது. கொதிக்கிற சாயத்துக்குக் கீழே விறகு தள்ளிக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினார்.

பட்டறைக்கு விறகு பேசத்தான் ஒருநாள் ஏனாத்தூருக்குப் போனார். விறகு விற்ற வேணுகோபால் பெரிய விவசாயி. அவருடைய மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு சிவப்பு டிராக்டர் நின்றது. டயர்கள் சப்பிப் போயிருந்தன. சீட்டுக்கு அடியில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது.

வரதராஜன் விறகை மறந்துவிட்டார். டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது ஓடாதாங்க?"

"நாலு வருஷமா நிக்குது. டவுன்லேருந்து மெக்கானிக் சிட்டிபாபு ரெண்டு தபா வந்து பாத்தான். எஞ்சின் இறுகிப்போச்சு, எடைக்குப் போட்டுடுன்னுட்டான்" என்றார் வேணுகோபால்.

"எனக்கு ஒரு மாசம் குடுங்க. ஓட்டிக் காட்றேன்."

வேணுகோபால் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரே பேச்சைக் காதருகே வந்து மூன்று தடவை சொல்ல வேண்டிய ஆள் இது. ஆனாலும் அந்த முகத்திலிருந்த ஆசை அவரை என்னவோ செய்தது.

"சரிப்பா. ஓடிச்சுன்னா நீதான் டிரைவர். ஓடலைன்னா ஆடியில பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துக்கினு போயிடுவான்."

மறுநாளே சாயப்பட்டறை வேலையை விட்டார் வரதராஜன். பெரியநாயகி தடுக்கவில்லை. "போங்க. அடுப்பெதிர்ல உக்காந்து உங்க மூஞ்சியே கருகிப் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

முதலில் கோழிக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்தார். பிறகு எஞ்சின் தலைமேலிருந்த, டீசலைப் பீய்ச்சும் நாலு நாசில்களையும் கழற்றி, நாலு சிலிண்டருக்குள்ளும் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றினார். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, கியரைப் போட்டு, அந்தச் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். பாறையை அசைப்பது போல இருந்தது. தினமும் எண்ணெய் ஊற்றினார், தினமும் அசைத்தார். ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள் காலையில் சக்கரம் ஒரு விரல்கடை நகர்ந்தது. மதியத்துக்குள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டது. வரதராஜன் அப்படியே தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார்.

டாங்கைக் கழுவி, பில்டரை மாற்றி, டயருக்குக் காற்றடித்து முடிக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. பாட்டரி உயிரோடு இல்லை. அதனால் நாலு மாடுகளைப் பூட்டி டிராக்டரை ஏரிக்கரைமேல் இழுத்துப் போனார்கள். அங்கிருந்து சரிவில் தள்ளிவிட வேண்டும். ஊரே கூடிவிட்டது. பெரியநாயகியும் வந்திருந்தாள். சைக்கிளில் சிட்டிபாபுவும் வந்திருந்தான்.

"காதே கேக்காத ஆளு எஞ்சினை இன்னாத்த ரிப்பேர் பண்ணுவாரு?" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான். வரதராஜனுக்கு அது கேட்கவில்லை. பெரியநாயகிக்குக் கேட்டது.

சரிவில் பாதி தூரம் வந்ததும் வரதராஜன் கிளட்சை விட்டார். டிராக்டர் குலுங்கியது, இருமியது, வெள்ளை வெள்ளையாகப் புகை கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஆனால் ஓட்டம் நொண்டியது.

"டீசல் பம்பு போச்சு. நான்தான் அப்பவே சொன்னேனே" என்றான் சிட்டிபாபு.

வரதராஜன் எஞ்சின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். "ஒரு சிலிண்டர் வேலை செய்யலை" என்றார். ஸ்பானரை எடுத்து, நாசிலுக்குப் போகும் டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். முதல் நட்டைத் தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறியது. இரண்டாவதற்கும் தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது எந்த மாற்றமும் இல்லை. உழைக்காத சிலிண்டர் அதுதான். அந்த நாசிலைக் கழற்றிப் பார்த்தால் உள்ளிருக்கும் ஊசி அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, திரும்பப் பூட்டினார். மாடுகள் மறுபடி டிராக்டரைக் கரையேற்றின. இந்த முறை புகை இல்லை, நொண்டல் இல்லை.

 சிட்டிபாபு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், தன் பட்டறையிலிருந்த ஒரு லாரி பாட்டரியோடு திரும்பி வந்தான். "வச்சிக்கோங்கண்ணே. தினமும் மாடு பூட்டிக்கினு இருக்க முடியாது" என்றான்.

ஆனால் தொல்லை முடியவில்லை. டிராக்டர் அரைமணி நேரம் அழகாக ஓடும். பிறகு மூச்சு வாங்கும், நின்றுவிடும். வரதராஜன் இறங்கி, டாங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பார்ப்பார். டாங்கில் டீசல் நிறைய இருக்கும். குழாயைத் தளர்த்தினால் டீசல் தாராளமாக வரும். குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தால் உடனே கிளம்பும். சரியாக அரைமணியில் மறுபடி நிற்கும். பில்டரை இரண்டு தடவை மாற்றினார். குழாய்களை ஊதிப் பார்த்தார். சிட்டிபாபு பம்பையே கழற்றிப் பார்த்தான். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனி முடியப் போனது. "இரும்புக்காரன் ஆள் அனுப்பியிருக்கான் வரதராஜா" என்றார் வேணுகோபால். அன்று வரதராஜனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பெரியநாயகி தானே சாப்பாடு எடுத்துக்கொண்டு வயலுக்கு வந்தாள். அவள் வரப்பில் ஏறும்போதே டிராக்டர் நின்றுவிட்டது. வரதராஜன் வழக்கம்போல இறங்கி மூடியைத் திருகினார்.

"புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்திச்சே, அது இன்னா?" என்று கேட்டாள் பெரியநாயகி.

அவருக்குக் கேள்வியே கேட்கவில்லை. அவள் தோளைத் தட்டி, காதருகே கத்தினாள்: "மூடியைத் தொறக்கும்போது புஸ்ஸுங்குது! காத்து உள்ள போற மாதிரி!"

வரதராஜன் அவளையே பார்த்தார். "நெசமாவா?"

"நெசமாதாங்க."

அந்த மூடியை எத்தனை தடவை அவரே திறந்திருக்கிறார்! ஒரு தடவைகூட அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்ததில்லை. சிட்டிபாபு வந்த நாட்களிலோ, அவன் கிட்டே வருவதற்குள் மூடி திறந்திருக்கும். வெயிலில் பிடித்து மூடியின் உட்பக்கத்தைப் பார்த்தார். காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் இருக்க வேண்டும். உள்தகட்டுக்குப் பின்னால், எப்போதோ ஒரு குளவி கூடு கட்டி அதை மண்ணால் அடைத்து வைத்திருந்தது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லை. அதனால் கொஞ்ச நேரத்தில் டீசல் இறங்காமல் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் எல்லாம் சரியாகிவிடும். நோயைத் தேடப் போகும்போதெல்லாம் தன் கையாலேயே அதை மறைத்துக்கொண்டிருந்தார்.

"நாயகி, ஒரு கொண்டை ஊசி குடு!"

ஊசியால் குத்தினார். கெட்டித்த மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தார்.

அரைமணி ஆனது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மணி ஆனது. எஞ்சின் நிற்கவில்லை. சாப்பாடு வரப்பிலேயே ஆறிப்போனது. கலப்பையை இறக்கி உழ ஆரம்பித்தார் வரதராஜன். பொழுது சாய்வதற்குள் மூன்று ஏக்கர் முடிந்திருந்தது. வேணுகோபால் செருப்பைக் கழற்றிவிட்டு, புரண்டு கிடந்த ஈர மண்ணில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். "இரும்புக்காரனை வர வேணாம்னு சொல்லிடுங்கடா!" என்று அவர் போட்ட கூச்சல் வரதராஜனுக்கே கேட்டது.

அந்த ஆடியில் ஏனாத்தூரில் பாதி நிலம் சிவப்பு டிராக்டரால் உழப்பட்டது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வந்து நாள் கேட்டுப் போனார்கள்.

ஒரு காலை சிட்டிபாபு வீட்டு வாசலில் வந்து நின்றான். திருப்புட்குழியில் ஒரு பம்புசெட் எஞ்சின் தன்னைப் பத்து நாளாக அலைக்கழிப்பதாகச் சொன்னான்.

வரதராஜன் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

சிட்டிபாபு நகரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணியும் வரணும்ணே" என்றான்.

பெரியநாயகி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் திருப்புட்குழி பஸ்ஸைப் பிடித்தார்கள். மதியத்துக்குள் அந்தக் கிணற்றுக் குழாயில் தண்ணீர் கொட்டியது.