கலியமூர்த்தி மாமா பார்த்துத் தந்த லெப்ட் பேக்

அப்பா போன் செய்தபோது நான் பெரம்பலூரில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையாக இருந்தேன். வேலை நேரத்தில் அப்பா கூப்பிடவே மாட்டார். "மலரு, கலியமூர்த்தி போயிட்டாம்மா. டீயக் குடிச்சிட்டு டம்ளரக் கீழ வெச்சவன் எழுந்திரிக்கவே இல்ல" என்றார். பிறகு, "அவன்கிட்ட ஒழுங்காப் பேசி எத்தினி வருசமாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்.

கலியமூர்த்தி என் தாய்மாமா, அம்மாவின் தம்பி. அப்பா நம் கரிசல் பாய்ஸ் கால்பந்துக் குழுவின் தலைவர். பொங்கல் போட்டிக்குப் போடும் சிறப்பு மலரில் மாமாவைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி குழுவினர் கேட்டார்கள். நாலு வரியில் நிற்காது. நிறுத்தவும் மாட்டேன். அவரைப் பற்றி நீங்களெல்லாம் பேசியது கொஞ்சமா நஞ்சமா? இன்று நான் பேசுகிறேன், கேளுங்கள்.

மாமாவுக்குக் கதிரடிக்கும் மெஷின் இருந்தது உங்களுக்குத் தெரியும். தை, மாசியில் டிராக்டரில் அதை இழுத்துக்கொண்டு குன்னம், செந்துறை என்று தொடங்கிக் கொள்ளிடக்கரை வரைக்கும் போய்விடுவார். பகலெல்லாம் மக்காச்சோளம் அடிப்பார். சாயங்காலமானால் அந்த ஊரில் பந்து விளையாடுகிற இடம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். உடம்பெல்லாம் சோளத் தூசியோடு எல்லைக்கோட்டின் ஓரத்தில் நின்று பார்ப்பார். அப்படி எதைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. நம் ஊரில் ஆட்டம் நடக்கும்போது அவருடைய டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேள்விமேல் கேள்வி கேட்பேன். "காலுல பந்து இருக்கறப்ப எல்லாவனும் ஆட்டக்காரன்தான் பாப்பா. பந்து இல்லாதப்ப என்னா பண்றான்னு பாரு" என்பார். நானும் பார்த்தேன். ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஒருவன் யார் வந்திருக்கிறார்கள் என்று கூட்டத்தைத் துழாவினான். அதுவரை எனக்குத் தெரியாத ஒரு ஆட்டம் அது.

நம் நட்சத்திர பார்வர்டு குமாரை ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடிய காலத்தில், "அவன மாத்துங்க" என்று சொன்ன ஒரே ஆள் மாமாதான். "கோல் போட்டுட்டு கட்டிப்புடிக்க ஆளு தேடிக்கிட்டு நிக்கிறான். அதுக்குள்ள அவங்க பந்த நடுவுல வெச்சி ஆரம்பிச்சிடறாங்க" என்றார். குமாருக்கு வந்ததே கோபம்! ஆனால் அடுத்த ஆட்டத்தில் அப்படியேதான் நடந்தது. அப்புறம் குமாரே, கோல் போட்டதும் முதல் ஆளாகத் திரும்பி ஓடிவரப் பழகினான். இல்லையென்று சொல்லட்டும் பார்ப்போம்.

தந்திரத்திலும் அப்படித்தான். நம் திடலில் இறுதியாட்டம் சாயங்காலம்தான் நடக்கும். கிழக்குப் பக்க கோலில் நிற்பவனுக்கு நேரெதிரே சூரியன். டாஸ் ஜெயித்தால் முதல் பாதியிலேயே அந்தப் பக்கத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் வெயில் தாழ்ந்து கண்ணைக் குத்துகிற இரண்டாம் பாதியில் எதிராளியின் கோலி அங்கே வந்து நிற்பான் என்பது மாமாவின் கட்சி. "இது கால்பந்தா, பஞ்சாங்கமாடா?" என்று அப்பா கிண்டல் செய்தார். செய்துவிட்டு, அந்த வருடம் டாஸ் ஜெயித்ததும் கிழக்குப் பக்கத்தைத்தான் கேட்டார்.

ஆள் எடுப்பதில் அவர் சொன்னால் மறுபேச்சு இருந்ததில்லை. பொங்கல் போட்டியின் விதியை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அந்தந்த ஊர்க்காரர்தான் அந்தந்த ஊருக்கு ஆட வேண்டும். ஆனால் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவன் ஊர்க்காரன் கணக்கு. ஆக, நம் பக்கத்தில் நல்ல ஆட்டக்காரன் வேண்டுமென்றால் பெண் கொடுத்துத்தான் கொண்டுவர முடியும். செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு கோலியை இப்படி மாப்பிள்ளையாக்கப் பேச்சு நடந்தபோது, மாமா போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். "பெனால்டின்னா, அடிக்கறதுக்கு முன்னாடியே வலது பக்கம் சாயறான்." அந்தக் கோலி வேறு ஊருக்கு மாப்பிள்ளையாகி நமக்கு எதிராகவே வந்து நின்றான். நாம் பெனால்டியை இடது பக்கம் அடித்தோம், அவன் வலது பக்கம் பாய்ந்தான். அன்று மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி வந்தீர்கள்.

அதே வருடம்தான் நான் ரெப்ரியோடு சண்டை போட்டேன். பந்து கோட்டைத் தாண்டியதை நான் டிராக்டர் மேலிருந்து பார்த்தேன். ரெப்ரி கோல் இல்லை என்றார். இறங்கித் திடலுக்குள் போய், "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், அதெல்லாம் மலரில் போட முடியாது. இந்தப் பெண் வெளியே போனால்தான் விசில் ஊதுவேன் என்று அவர் நின்றுவிட்டார். மாமா வந்து என் கையைப் பிடித்தார். "கோலுதான் பாப்பா. ஆனா அவங்கிட்ட விசில் இருக்கு, நம்மகிட்ட வாயிதான் இருக்கு. வா." என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த இரண்டு வீட்டார் அதற்குப்பின் எங்கள் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. போனால் போகட்டும்.

கடைசியில் அரியலூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஆலையில் நல்ல வேலை, சொந்த வீடு. பெண் இனிமேல் வேலைக்குப் போகக் கூடாது என்பது மட்டும் அவர்கள் சொன்ன நிபந்தனை. அப்பாவுக்கு முழுச் சம்மதம். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள், கொள்ளிடக்கரையிலிருந்து மெஷினோடு திரும்பிய மாமா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மச்சான், லெப்ட் பேக் ஒருத்தன் இருக்கான்" என்றார்.

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இடது பக்கம் நின்று தடுத்து ஆடிய நம் லெப்ட் பேக் அந்தப் பொங்கலோடு துபாய்க்குப் போய்விட்டிருந்தான்.

"எடது காலா?" என்றார் அப்பா.

"சுத்தமான எடது காலு. கொள்ளிடக்கரையில, ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்துல. சொந்தமா கொஞ்சம் நெலம் இருக்கு. பேரு பழனிவேலு."

"ஒருதரம் போயி ஆட்டத்தப் பாத்துட்டு வந்துடலாமா?"

"நாலு பேரு போயி நின்னா வெளிய தெரிஞ்சுபுடும் மச்சான். குன்னத்துக்காரன் பொண்ணக் குடுத்து தூக்கிட்டுப் போயிடுவான்."

அவ்வளவுதான். அரியலூர் சம்பந்தம் அன்றோடு போயிற்று. பெண் பார்க்க வந்த இடத்தில் நான் பழனிவேலுவைத் தனியாகக் கேட்டேன், வேலைக்குப் போகலாமா என்று. "உங்க வேலை, நீங்க போறீங்க. என்கிட்ட ஏங்க கேக்கறீங்க?" என்றார். ஆட்டம் எப்படி என்று கேட்டதற்கு, "ஏதோ ஆடுவேங்க" என்றார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசியில் கல்யாணம் முடிந்தது. அந்த மழையில் கரிசல் மண் காலைவிடாமல் ஒட்டிக்கொண்டதால் மார்கழி முடியும்வரை திடலில் யாரும் பந்தைத் தொடவில்லை.

அந்தப் பொங்கல் ஆட்டத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கத்துப் பையன் என் வீட்டுக்காரரைத் தாண்டித் தாண்டிப் போனான். அவர் ஒருமுறை ஓங்கி உதைத்த பந்து நம் கோலுக்குள்ளேயே போய் விழுந்தது. பாதி ஆட்டத்தில் அப்பா அவரை வெளியே அழைத்தார். அதற்குப்பின் அவர் நமக்காகத் திடலில் இறங்கியதே இல்லை.

ஆனால் அடி வாங்கியது அவரல்ல, மாமாதான். லெப்ட் பேக்குக்காகச் சொந்த அக்காள் மகளைத் தாரைவார்த்தவன் என்றார்கள் சிலர். ஒரு பந்தயத்துக்காகப் பெண்ணைப் பாழாக்கிவிட்டான் என்றார்கள் சிலர். யாராவது பந்தைத் தவறவிட்டால் "கலியமூர்த்தி கண்ணு" என்று கத்துவது வழக்கமாயிற்று. ஆள் எடுக்கும் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினீர்கள். அப்பா முகம்கொடுத்துப் பேசுவதை விட்டார். மாமாவுக்கு இருந்த பெருமையே அந்தக் கண் ஒன்றுதான். அது போனபின் அவர் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் தனியாக நின்று ஆட்டம் பார்த்தார். ஒருவரோடும் வாதாடவில்லை.

எனக்கோ மண்டை குடைந்தது. கோலி எந்தப் பக்கம் சாய்வான் என்று சொன்ன மனிதர் இதில் எப்படி ஏமாந்தார்? எத்தனையோ தடவை கேட்டேன். "அன்னிக்கு வானம் மூடாப்பு போட்டிருந்துச்சு பாப்பா" என்பார். இன்னொரு நாள், "சோளத்தூசி கண்ணுல வுழுந்துடுச்சு" என்பார். வேறொரு நாள், "அவன் திரும்பி நின்னான், வலது கால எடது காலுன்னு நெனச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆட்டத்தைப் பற்றி இப்படி உளறுகிற மனிதரா அவர்? என்னவோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அவரிடமிருந்து கடைசிவரை அதைப் பிடுங்க முடியவில்லை.

அடக்கத்தன்று ஏலாக்குறிச்சியிலிருந்து அருள்தாஸ் என்பவர் பஸ் பிடித்து வந்திருந்தார். என் வீட்டுக்காரர் முன்பு ஆடிய குழுவின் கேப்டன். எல்லாம் முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, மாமாவை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மெஷின் கொண்டாந்தப்ப தெனம் சாயங்காலம் கிரவுண்டுக்கு வருவாருங்க. ஒருநாள், 'உங்க லெப்ட் பேக் எப்புடிப்பா?'ன்னு கேட்டாரு. 'சுத்த வேஸ்ட்டுங்க, ஆளு பத்தாம நிக்க வெச்சிருக்கோம்'னேன். 'அதான் எனக்கே தெரியுதே'ன்னாரு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு பழனி வுட்ட பந்துல ரெண்டு கோல் வாங்கிட்டோம். ஆளாளுக்கு அவனப் புடிச்சி ஏறுனோம். நான் கெட்ட வார்த்தையிலயே திட்டினேன். அவன் எகிறவும் இல்ல, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கவும் இல்ல. 'ஆமாண்ணே, என் தப்புதான்'னுட்டு அவன் எடத்துல போயி நின்னான். ஆட்டம் முடிஞ்சதும் மொத தண்ணிய எனக்குத்தான் கொண்டாந்து குடுத்தான். பெரியவரு அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பறமா வந்து, இவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டாரு."

"எதுக்குன்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டேங்க. 'எங்க வூட்டுல ஒரு பொண்ணு இருக்கு, தங்கம். ஆனா வாயத் தொறந்தா ரெப்ரியே நடுங்குவான். அவ வேலைக்குப் போறத தடுக்காத, அவ கத்துனா பதிலுக்குக் கத்தாத ஆளு வேணும். அவங்க அப்பனுக்குப் புடிக்கணும்னா லெப்ட் பேக்குன்னுதான் சொல்லியாவணும். நீ வெளிய சொல்லிடாத'ன்னாரு. நான் கேட்டேன், 'பொங்கலுக்கு அவன் ஆட வந்தா உங்க பேரு கெட்டுடுமே?'ன்னு. 'கெட்டா கெடட்டும், நான் என்ன ஓட்டா கேக்கப் போறேன்'னாரு."

அங்கேயே, அந்தப் பந்தலிலேயே, அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். "சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களாப்பா?" என்று கேட்டேன். அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மச்சானுக்காக அவர் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

என் வீட்டுக்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு இது தெரியுமா?" என்றேன். தெரியும் என்றார். "பின்ன ஏன் இத்தினி வருசமா வாயத் தொறக்கல?" மாமா சத்தியம் வாங்கிக்கொண்டார் என்றார். தெரிந்தால் நான் ஊரையே ரெண்டாக்கிவிடுவேன் என்று மாமா பயந்தாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில், துக்க வீடு என்றும் பாராமல், எத்தனை பேர் என்னவெல்லாம் சொன்னார்கள், அத்தனையையும் அந்த மனிதர் சுமந்துகொண்டு போய்விட்டாரே, கல்லுளிமங்கன் மாதிரி இருந்துவிட்டீர்களே என்று கத்தினேன். அவர் கையில் ஒரு நாற்காலியோடு நின்று முழுவதையும் கேட்டார். "ஆமா மலரு, என் தப்புதான்" என்றார். நான் பாதியில் நிறுத்திவிட்டேன். கொள்ளிடக்கரையில் சோளத் தூசியோடு நின்று மாமா பார்த்தது இதைத்தான்.

என் மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த மனிதரைத்தான். இன்னமும் வேலைக்குப் போகிறேன், இன்னமும் கத்துகிறேன், இன்னமும் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. தன்னிடம் இருந்த ஒரே பெயரைக் கொடுத்து அவர் வாங்கித் தந்தது அது. இனி "கலியமூர்த்தி கண்ணு" என்று கத்த நினைப்பவர்கள் தாராளமாக எங்கள் வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்று சொல்லுங்கள். திட்டு நான் தருகிறேன். டீ என் வீட்டுக்காரர் போட்டுத் தருவார்.