வெயில் ஊரில் ஒரு கம்பளி ஸ்வெட்டர்

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மா, புரட்டாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து எங்கள் ஜவுளிக்கடை மேஜைமேல் போட்டார். அருப்புக்கோட்டை கடைவீதியில் இருக்கிற கடை எங்களுடையது. கல்லாவில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். என் கணவர் மாடியிலிருந்து சேலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் கல்யாணமாகி வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. குழந்தைகள் துணிப் பக்கத்தை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

"போன கார்த்திகையில ஒங்க கடையில வாங்குனது இது. எம்மகளுக்கு வாங்குனேன். அவ பார்சல்ல திருப்பி அனுப்பிட்டா" என்றார் அந்த அம்மா.

அவரை எனக்கு ஞாபகம் இருந்தது. முன்பு காட்டு வேலைக்குப் போனவர், இப்போது நூல் மில்லில் வேலை பார்க்கிறார். மகள் நர்ஸுக்குப் படித்து, இமயமலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, தாயும் மகளுமாக வந்து சிரித்துச் சிரித்து வாங்கிப்போன ஸ்வெட்டர் அது. இப்போது அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேலெல்லாம் சின்னச் சின்ன உருண்டைகள். கை இரண்டும் தொங்கி, போட்டால் விரல் நுனிக்குக் கீழே போகிற அளவுக்கு நீண்டிருந்தன. பக்கவாட்டுத் தையல் விட்டு, இழை பிரிந்து கிடந்தது.

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பணத்தத் திருப்பித் தந்துருவோம்மா" என்றார்.

"பணத்துக்கா அய்யா நான் பஸ்ஸேறி வந்தேன்? எம்புள்ள அங்க நடுங்கிக்கிட்டு நைட்டு டூட்டி பாக்குது. மேலுக்கு மேல ரெண்டு சட்டை போட்டும் கேக்கலையாம். குளிர் தாங்குற மாதிரி ஒண்ணு குடுங்க. அது போதும்."

எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. அலமாரியில் மிச்சமிருந்தவை எல்லாமே அதே சரக்கு. மாமனார் அதில் ஓர் இழையை உருவி, பட்டுச் சேலைக்குச் செய்வதுபோல நெருப்பில் காட்டினார். இழை உருகிச் சுருண்டு கருப்பு மணியாக இறுகிப் போனது. நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் எரிகிற வாடை கடை முழுக்க அடித்தது.

"உல்லன்னு சொல்லித்தானம்மா மொத்த வியாபாரி குடுத்தான்" என்றார் மாமனார், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். முகம் சுண்டிப் போயிருந்தது. பட்டு என்றால் பட்டு, பருத்தி என்றால் பருத்தி என்று சொல்லி விற்றே பேர் எடுத்த மனிதர்.

அந்த அம்மா வெறுங்கையோடு போனார். ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமனார் முடிவைச் சொல்லிவிட்டார். "இனிமே நம்ம கடையில ஸ்வெட்டரே வேணாம். இந்த ஊருக்குக் காத்தாடி வித்தாலே போதும்."

"வேணாம்னு விட வேண்டாம் மாமா. நல்லதா வாங்கி வைப்போம்" என்றேன். எனக்கே என் குரல் கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

"நல்லதுன்னா எது நல்லதுன்னு நமக்குத் தெரியணும்ல? சேலைன்னா கண்ண மூடிக்கிட்டுத் தொட்டுச் சொல்லுவேன். கம்பளிய நான் என்னத்தக் கண்டேன்?"

"நான் தெரிஞ்சுக்கிறேன் மாமா."

அவர் மோரை ஊற்றிச் சாப்பாட்டை முடித்தார். மறுக்கவில்லை. நான் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மா விட்டுப்போன ஸ்வெட்டரை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போட்டேன். பனியன் துணிபோல நீளமாகப் பின்னி, கத்திரியால் வெட்டி, வெட்டிய ஓரத்தை மிஷினில் அடித்திருந்தார்கள். தையல் விட்டதும் ஒவ்வொரு பின்னல் கண்ணாக அவிழ்ந்துகொண்டே போயிருக்கிறது. நூலோ ஒற்றை இழை, அதிலும் முறுக்கே இல்லை. எது கெட்டது என்று தெரிந்துவிட்டது. நல்லது எப்படி இருக்கும் என்று பார்க்க, ஸ்வெட்டர் பின்னுகிற பஞ்சாப் ஊரான லூதியானாவுக்கே போக வேண்டும் என்றேன். என் கணவர் சூரத்துக்குக் கொள்முதலுக்குப் போய்வருகிறவர், கொஞ்சம் இந்தி பேசுவார். "ரயிலு ரெண்டு நாளு ஓடும். அலுத்துப் போகும் பாத்துக்க" என்றார். எனக்கு அலுக்கவே இல்லை.

லூதியானாவில் முதலில் போன கடையில் மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டினார்கள். எல்லாவற்றிலும் கம்பளி என்று பளபளப்பாகச் சீட்டு தைத்திருந்தது. ஓர் இழை உருவிக்கொள்ளவா என்று என் கணவரைக் கேட்கச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தபடி ஸ்வெட்டரை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டார். அடுத்த கடையில் உருவ விட்டார்கள். உருகி மணியானது. இன்னொரு இடத்தில் நூல் நன்றாக இருந்தது, ஆனால் உள்ளே புரட்டினால் வெட்டித் தைத்த ஓரம். காலெல்லாம் வலி. "இதுவே தேவலாம், வாங்கிட்டுப் போயிருவோமா?" என்றார் கணவர். எனக்கு அந்த அம்மா கட்டைப்பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டது கண்ணில் நின்றது. வேண்டாம் என்றேன்.

கடைசியில் ஒரு சந்துக்குள் சின்னத் தொழிற்கூடம் ஒன்றுக்குப் போனோம். அதை நடத்துகிற பெண்மணி, நான் கேட்பதற்கு முன்பே ஓர் இழையைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். பற்ற வைத்தேன். தீ சட்டென்று பிடிக்கவில்லை. முடி கருகுகிற வாடை வந்து, தீ தானாகவே அணைந்தது. மிச்சமிருந்த சாம்பலை விரலால் தொட்டதும் பொடிந்துவிட்டது. சுத்தமான ஆட்டு ரோமம்.

அப்புறம் உள்பக்கம் புரட்டினேன். முன்பக்கம், பின்பக்கம், கை என்று ஒவ்வொன்றையும் அளவுக்கே பின்னி, கண்ணோடு கண் கோத்து இணைத்திருந்தார்கள். எங்கும் வெட்டே இல்லை. இரண்டு இழை முறுக்கிய நூல். மணிக்கட்டுப் பட்டையை விரிய இழுத்துவிட்டேன், ரப்பர் மாதிரி பழைய அளவுக்குத் திரும்பியது. பல்பு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், இடைவெளி இல்லாமல் நெருக்கமாக இருந்தது. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தும் உருண்டை எழவில்லை. கழுத்தோரம் என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். லேசாக உறுத்தியது, அரிக்கவில்லை. பக்கத்திலேயே குழந்தைகளுக்காகப் பருத்தி நூலில் பின்னியவையும் இருந்தன. அவையும் அதே மாதிரி கண்ணோடு கண் கோத்தவை. எனக்கு அங்கேயே ஒரு குலவை போட வேண்டும்போல இருந்தது.

அந்தப் பெண்மணி எந்த ஊர் என்று விசாரித்தார். தமிழ்நாட்டில் தெற்கே என்று கணவர் சொன்னதும், "உங்கள் ஊரில் பனி பெய்யுமா?" என்று கேட்டார்.

"மழையே ஒழுங்கா பெய்யாது. ஆனா பனி பெய்யுற ஊருல எல்லாம் எங்க ஆளுக வேல பாக்குறாக. அப்படியே சொல்லுங்க" என்றேன். கணவர் சொன்னார். அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்து, எங்களுக்கு டீ வரவழைத்தார்.

சரக்கு வந்து இறங்கியதும் முதல் வேலையாக அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பி, அடர்நீலத்தில் ஒன்றைக் கொடுத்தேன். வெந்நீர் கூடாது, பச்சைத்தண்ணியில் பூந்திக்கொட்டை போட்டு அலச வேண்டும், முறுக்கிப் பிழியக் கூடாது, கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், நிழலில் விரித்துப் போட வேண்டும் என்று சொன்னேன். அவர் அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டு, ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

மற்றவை அலமாரியில் இருந்தன. இருந்துகொண்டே இருந்தன. "என்னக்கா, அருப்புக்கோட்டையில ஐஸு மழை பெய்யப்போகுதாமே?" என்று எதிர்க்கடைக்காரர் தினமும் கேட்பார். மாமனார் அந்த அலமாரிப் பக்கம் திரும்பவே மாட்டார். காசிக்குப் போனவர்கள் ஒன்றிரண்டு வாங்கினார்கள். கைக்குழந்தைக்காரிகள் பருத்தியில் வாங்கினார்கள். நான் அவ்வப்போது எடுத்து உதறி, வேப்பிலை மாற்றி, மடித்து வைப்பேன். நம்பிக்கை குறைந்த நாள்களும் உண்டு.

இரண்டு பனிக்காலம் போயிற்று. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வந்தது. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அம்மா வந்தார். பின்னாலேயே மகள். அவள் நேரே மாமனாரிடம் போய்ப் பையைத் திறந்து நீல ஸ்வெட்டரை எடுத்து வைத்தாள். இதுவும் திரும்பி வந்துவிட்டதோ என்று கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுக் கிட்டே போனேன்.

"தாத்தா, இத நான் ரெண்டு பனிக்காலமாப் போட்டுக்கிட்டு இருக்கேன். பாருங்க" என்றாள்.

மாமனார் விரித்துப் பார்த்தார். முழங்கை மெலியவில்லை. கை நீளவில்லை. நிறம்கூட மங்கவில்லை. உள்ளே புரட்டி ஓரங்களைத் தடவினார். மெல்ல மணிக்கட்டுப் பட்டையை இழுத்துவிட்டார். அது துள்ளித் திரும்பியது.

"பனி கொட்டுறப்ப இதோடதான் வார்டுக்குப் போவேன். எங்க டாக்டரம்மா அந்த ஊருக்காரவுக. பொறந்ததுலருந்து பனியிலயே கெடக்கவுக. இத எங்க வாங்குனன்னு கேட்டாக. அருப்புக்கோட்டைன்னேன். அது எந்த மலையில இருக்குன்னு கேக்குறாக!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

"அவுகளுக்கு ஒண்ணு வேணுமாம். எங்கூட இருக்க நர்ஸுக எல்லாருக்கும் வேணும். போறப்ப எடுத்துக்கிட்டுப் போறேன்."

மாமனார் எழுந்தார். சேலை பார்க்க வந்த கூட்டத்தைப் பார்த்து ஸ்வெட்டரை உயர்த்திப் பிடித்தார். "இங்க பாருங்க. வெட்டே கெடையாது. கண்ணோட கண்ணு கோத்தது. இழுத்துப் பாருங்க, பயப்படாம இழுங்க!" என்று ஆள் ஆளுக்கு நீட்டினார். எல்லாவற்றையும் அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பிறகு என் பக்கம் கை காட்டி, "எம்மருமக போயி எடுத்துட்டு வந்தது" என்றார். சேலை வாங்க வந்த ஒரு பாட்டியம்மா, பெங்களூரில் இருக்கிற பேரனுக்கு ஒன்று கேட்டார். மல்லாங்கிணறிலிருந்து வந்த புதுமாப்பிள்ளை தனக்கே ஒன்று எடுத்து, அந்த வெயிலில் போட்டுப் பார்த்து வியர்த்து வழிந்தார். கழற்ற மனமில்லாமல் நின்றார். எதிர்க்கடைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். அன்று சாயங்காலம் அலமாரி காலி.

இந்த வருடம் ஆவணியிலேயே நான் லூதியானாவுக்கு வந்துவிட்டேன். கணவர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். உடைந்த இந்தியில் நானே பேசுகிறேன். தொழிற்கூடத்தில் உட்கார்ந்து சரக்கு பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பந்தல்குடிக்காரர் ஒருவர், காஷ்மீருக்கு ஆப்பிள் லோடு ஏற்றப் போகிற லாரி டிரைவராம்.

"யக்கா, நெஞ்சு நல்லா அகலமா, கழுத்து மூடுனாப்புல இருக்கணும். கெடைக்குமா?"

"கொஞ்சம் லைன்லயே இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, குவியலில் பெரியதாக ஒன்றை உருவி, உள்பக்கம் புரட்டினேன்.