ஏழா, எட்டா

எங்கள் குடும்பத்தில் தோல் வேலை எனக்கு முன்பே இருந்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவியில் தோல் பதனிடும் இடமொன்றில் மாட்டுத்தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தவர். நான் பி.எஸ்ஸி. முடித்து ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது, அங்கே என்ன வேலை என்று கேட்டார். எலித்தோலை மெல்லிசாகச் சீவும் வேலை என்றேன். "நான் மாட்டுத்தோலு, நீ எலித்தோலு. நல்ல முன்னேத்தந்தாம்ல" என்றார். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை நகரத்தில் பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். கண்ணாடிப் பட்டையை இடுக்கியால் உடைத்து, உடைந்த ஓரத்தையே கத்தியாக வைத்து, பிசினில் இறுக வைத்த தோல் துணுக்கைச் சீவுவேன். சீவல் தண்ணீரில் மிதக்கும். கண்ணுக்கு வெறும் மினுமினுப்பு. அதைப் பொட்டளவு செம்புச் சல்லடையில் ஏந்தி மைக்ராஸ்கோப்புக்குள் அனுப்ப வேண்டும். எடுத்த படங்களை இருட்டறையில் கழுவிக் கொடுப்பதும் நான்தான்.

எங்கள் டாக்டர் மாதுங்காக்காரப் பெண்மணி, வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். தோலின் மேல்பக்கச் செல்களில் பொடிப் பொடியாகச் சில பைகள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் கோடு கோடாக அடுக்கு. கத்தி கீறிவிட்டது என்று நினைத்து முதல் சில மாதங்கள் நல்ல படங்களையெல்லாம் குப்பையில் போட்டேன். அதற்காக டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்றும் காதில் இருக்கிறது. அவர் தேடிக்கொண்டிருந்ததே அந்தக் கோடுகளைத்தான்.

செல் அந்தப் பையைத் தன் விளிம்புக்குக் கொண்டுவந்து, உள்ளே இருக்கும் கொழுப்பை வெளியே கொட்டிவிடுகிறது. அது செல்களுக்கு நடுவே படிந்து, உடம்புத் தண்ணீர் வெளியேறிவிடாமல் காக்கிறது. இது டாக்டரின் எண்ணம். நுரையீரலிலும் அதே மாதிரி அடுக்குப் பைகள் உண்டு. இன்னும் பெரிதாக, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்த மாதிரி இருக்கும். அங்கே கொட்டுவது காற்றறைகளின் உட்பக்கம் பரவி, மூச்சு வெளியே போகும்போது அவை ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே சாதிப் பைதானா என்று அடித்துச் சொல்ல அப்போது ஆள் இல்லை. பிறப்பதற்குச் சில நாள் முன் எடுத்த எலிக்குட்டியின் நுரையீரலில் பைகளே இருக்காது. பிறக்கும் தறுவாயில் எடுத்ததில் நிறைய இருக்கும். நாள்வாரியாக அந்தப் படங்களை வரிசை கட்டி ஒட்டிவைத்திருந்தேன். வரிசை அழகாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

அந்த ஆண்டு ஜூன் மாதம், மழை பிடித்த வாரத்தில், என் மனைவிக்கு நாளாகும் முன்பே வலி எடுத்துவிட்டது. செம்பூரில் இரண்டாம் மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தாராவியிலிருந்து அவள் அக்கா, என் மதினி, நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாக விரல்விட்டு மாதம் எண்ணினாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஏழாம் மாதம் பிறந்த குழந்தை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாதம் பிறந்தது தங்காது என்பார்கள். அதனால் மதினிக்கு அது ஏழாக இருக்க வேண்டும். எனக்கோ எட்டாக இருக்க வேண்டும். என் எலிப் படங்களில் ஒவ்வொரு நாளும் கணக்கு. ஒரு வாரம் கூடினால் அந்தப் பைகள் கூடும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். மனைவி கடைசியாகத் தலைக்குக் குளித்தது தீபாவளிக்கு முன்னால் என்றேன் நான். பின்னால் என்றாள் மதினி. பிரசவ அறைக்கு வெளியே, வராந்தாவில், நாங்கள் இரண்டு பேரும் இதற்காகச் சண்டை போட்டோம்.

"தம்பி, எட்டுன்னு வாயில எடுக்காதீய. ஏழுதான். ஏழு தங்கும்" என்றாள்.

பெண் குழந்தை. பிறந்ததும் அழுதது. மதினி கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் என்னை விட்டார்கள். சிவந்து, வழவழவென்று, உள்ளே ஓடும் நரம்பெல்லாம் தெரிகிற தோல். இந்தத் தோலில் தண்ணீர் நிற்காதே என்று ஓடியது புத்தி. அப்பனாகப் பார்க்க வேண்டிய நேரத்தில் தொழில்காரனாகப் பார்த்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

அப்புறம் அந்தச் சத்தம். மூச்சை விடும்போதெல்லாம் தொண்டைக்குள் ஒரு முனகல். விலாவுக்குக் கீழே தோல் உள்ளே இழுத்து இழுத்து விட்டது. குழந்தை பசிக்கு முனகுகிறது, நல்ல சகுனம்தான் என்றாள் அங்கே தரை கூட்டிக்கொண்டிருந்த அம்மாள். எனக்குத் தெரியும், அது பசியில்லை. உள்ளே போன காற்றை முழுதாக வெளியே விட்டால் அறைகள் ஒட்டிக்கொள்ளும். மறுபடி பிரிக்க அதற்குப் பலம் கிடையாது. அதனால் கொஞ்சம் காற்றைப் பிடித்துவைக்கப் பார்க்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்தக் கையளவு உயிர் தானாகக் கண்டுபிடித்த வழி அது.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று நாள் தாண்டினால் தேறிவிடும் என்று சொல்லிப் போனார். ஆக்ஸிஜன் வைத்தார்கள், பஞ்சு சுற்றினார்கள், சூடு போகாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள், பொய் சொல்லக்கூடாது. அந்த மூன்று நாளின் பொருள் எனக்குப் புரிந்தது. அதற்குள் பைகள் உண்டாகிவிட வேண்டும்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் டாக்டரிடம் போனேன். உலகத்திலேயே இதைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவர்தான் என்ற நினைப்பு எனக்கு. மேசை மேல் என் கையால் ஒட்டிய படங்கள் வரிசையாகக் கிடந்தன. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்மகிட்ட படம்தான் இருக்கு. மருந்து இல்லை" என்றார்.

மாட்டு நுரையீரலிலும் அந்தக் கொழுப்பு இருக்குமே, பாந்த்ரா கசாப்புக்கூடத்தில் கிடைக்குமே, எடுத்துக் கொடுக்க முடியாதா என்று கேட்டேன். தோல்காரன் மகன் கேட்கிற கேள்விதான். அவர் சிரிக்கவில்லை. எடுப்பது எப்படி, எடுத்தாலும் அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்குள் விடுவது எப்படி, யாருக்கும் தெரியாது என்றார். பல வருடம் கழித்து, மாட்டு நுரையீரலிலிருந்தே அந்த மருந்தை எடுத்துக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

இரண்டாம் நாள் தாண்டியது. மூன்றாம் நாள் காலை முனகல் குறைந்தது. தேறுகிறது என்றாள் மதினி. களைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பத்து மணி வாக்கில் மூச்சும் நின்றுவிட்டது.

எங்கள் டாக்டர் வராந்தாவில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கைப்பையில் சின்னச் சீசா இருந்தது.

"நான் இதைக் கேக்கப்படாது. வேண்டாம்னா சொல்லுங்கோ, போயிடறேன்" என்றார்.

எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. ஆனாலும் நுரையீரலில் ஒரு துணுக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே படுத்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பிள்ளையால் இன்னொருத்தர் பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று நினைத்ததாகப் பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்தப் பைகள் இருந்தனவா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அப்பா வாங்கிக்கொண்டு போய், மழையிலேயே புதைத்துவிட்டு வந்தார்.

வேறு ஆள் சீவட்டும் என்றார் டாக்டர். நான் ஒப்பவில்லை. நல்ல கத்தியாக அமையும்வரை கண்ணாடியை உடைத்து உடைத்துப் போட்டேன். இருட்டறைச் சிவப்பு விளக்கில், தட்டிலிருந்த தாள் மெல்லக் கறுத்தது. ஒரு செல். அதில் நாலு பைகள், கோடு கோடாக. ஒன்று விளிம்புக்கே வந்து, வாய் திறந்து, உள்ளே இருந்ததைக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துச் செல்லில் இன்னும் இரண்டு. ஆரம்பித்துவிட்டிருந்தது. இன்னும் ஒரு நாள், போனால் இரண்டு நாள் தாங்கியிருந்தால் போதும். ஈரப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன்.

இதற்குள் மதினி கணக்கை மாற்றிவிட்டாள். தங்கவில்லை, அதனால் அது எட்டுதான் என்றாள். பார்க்க வந்த எல்லாரும் எட்டு என்றார்கள். வராந்தாவில் நான் மன்றாடிய எட்டு, ஒன்றுக்கும் உதவாத நேரத்தில் தாராளமாகக் கிடைத்தது.

மனைவி அதை நம்பவில்லை. ஒரு மாதமாக அவள் சரியாகச் சாப்பிடவுமில்லை, பேசவுமில்லை. மூலையில் இருந்த பித்தளைக் குடத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கீழே குழாயடிக்குப் போய் நான்தான் தண்ணீர் கொண்டுவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாயைத் திறந்தாள்.

"அக்கா மாத்தி மாத்திப் பேசுதா. ஏழுன்னா பொழைச்சிருக்கணும். வேண்டாம் வேண்டாம்னு நீங்க சொல்லியும் ரெண்டு மாடி தண்ணி சொமந்தேன். நீங்க படிச்சவிய. நெசத்தைச் சொல்லுங்க, ஏழா, எட்டா?"

படம் என் பைக்குள் இருந்தது. அதில் ஏழும் இல்லை, எட்டும் இல்லை. ஒரு நாளோ இரண்டு நாளோதான் இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"எட்டுதான்" என்றேன். "தீபாவளிக்கு முன்னாடியே தலைக்குக் குளிச்சிட்ட. எனக்கு நல்லா நெனவிருக்கு. தண்ணி சொமந்ததுனால இல்ல."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகி, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயடிக்கு இறங்கிப் போனாள்.