குட்டிக்கு ஒரு வீடு தேடிய பத்து நாட்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டி பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் இன்னொரு நர்சும் நானும் ஒரே அறையில் இருந்தோம்.

ஒரு நாள் காலை, ஜல்லி ஏற்றிவந்த லாரி டிரைவர் ஒருவர் துண்டில் சுற்றிய நாய்க்குட்டியை என் மேஜைமேல் வைத்தார். "சக்கரத்துல மாட்டிக்கிச்சிம்மா. நான் பாக்கவே இல்ல," என்றார். இது மனுஷர்களுக்கான ஆஸ்பத்திரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. துண்டைப் பிரித்தேன். குட்டியின் பின்னங்கால் ஒன்று முறிந்து தொங்கியது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினேன். டாக்டர் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் தளர்வா கட்டு, வீங்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாயென்றாலே நடுங்கும் என் தோழி முதல் வாரம் முழுக்கக் கட்டிலைவிட்டுக் காலைக் கீழே வைக்கத் தயங்கினாள். மூன்றாம் வாரம் அவள்தான் பாலில் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றரை மாதத்தில் கட்டைப் பிரித்தோம். கால் வளைந்துதான் கூடியிருந்தது. ஆனாலும் ஓடியது. திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். எழுந்து மறுபடி ஓடும்.

அந்தச் சமயம் பார்த்து எனக்குத் திருவள்ளூருக்கு மாற்றல் வந்தது. தோழியோ தன் கல்யாணத்துக்காக நீண்ட லீவில் ஊருக்குப் போகவிருந்தாள். எனக்குக் கிடைத்த பெண்கள் விடுதியில் நாய்க்கு இடமில்லை. கையில் பத்து நாள் இருந்தது.

மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். "பொட்ட நாயா? வோணாம் நர்சம்மா. குட்டி போட்டுக்கினே இருக்கும், பேஜாரு," என்றார் ஒருவர். காலைப் பார்த்துவிட்டு, "இது எங்க திருடனைத் தொரத்தப் போவுது?" என்றார் இன்னொருவர். கடைசியில் ஊத்துக்கோட்டைப் பக்கம் அரிசி மில் வைத்திருந்தவர் வாங்கிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து, அம்மை குத்த அந்தப் பக்கம் போனபோது மில்லுக்குள் எட்டிப் பார்த்தேன். உமிக் குவியலுக்கு அருகே முழ நீளச் சங்கிலியில் கிடந்தது குட்டி. தண்ணீர்ச் சட்டி காய்ந்திருந்தது. என்னைக் கண்டு தாவியது. சங்கிலி பிடித்து இழுத்தது.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. எப்படியோ கேட்டுவிட்டேன். மில்காரர் கோபப்படவில்லை. "நாய்னா கட்டித்தானே போடுவாங்க?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். கெட்டவர் இல்லை அவர். கண்டக்டர் கண்ணில் படாமல் குட்டியை முந்தானைக்குள் மூடிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன்.

இன்னும் இரண்டே நாள். கொதிக்கும் கஞ்சி கொட்டிய கைக்கு மருந்து கட்ட வந்த ஒரு பெண், மேஜைக்கடியில் இருந்த குட்டியைப் பார்த்தாள். அவளும் புருஷனும் முன்பு வயலில் கூலி வேலை செய்தவர்கள். இப்போது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலை ஒன்றில் கட்டட வேலை, பக்கத்திலேயே குடிசை.

"இது இன்னா துன்னும் நர்சம்மா?"

"பால்சோறு."

"பாலுக்கு நான் எங்க போவேன்? மீன் கொழம்பு ஊத்துனா துன்னுமா?"

"சாப்பிடும்."

"இடி இடிச்சா பயப்படுமா?"

"கட்டிலுக்கு அடியில ஓடிடும்."

"எங்க ஊட்ல கட்டில் இல்ல. எம்மேல ஒண்டிக்கினு படுத்துக்கட்டும்."

இத்தனை நாளில் குட்டியைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் மில் நினைவுக்கு வந்தது. "கட்டிப் போடுவியாம்மா?" என்றேன்.

"எதுக்கு? நான் போற எடத்துக்கெல்லாம் கூட வரட்டும்."

மறுநாள் நானே குடிசைவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். குட்டி மணல் குவியலில் ஏறுவதும் சறுக்கி விழுவதுமாக இருந்தது. அது பார்க்காத நேரத்தில் கிளம்பினேன். பஸ் ஏறும்வரை அழுகை நிற்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்துப் பழைய ஆஸ்பத்திரிக்கு ஒரு வேலையாக வந்தபோது குடிசைக்குப் போனேன். வளர்ந்துவிட்ட நாய் வாசலிலேயே மறித்துக் குரைத்தது. உள்ளேயிருந்து ஓடிவந்தவள், "ஏய், யாருன்னு தெர்ல உனக்கு?" என்று அதட்டினாள்.

"திட்டாதே. குரைக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். நாய் என் புடவையை மோந்து பார்த்தது. பிறகு போய் அவள் காலடியில் படுத்துக்கொண்டது. எனக்கு மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அவள் கொடுத்த வரக்காப்பியைக் குடித்தபடி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.